பூச்சிமருந்து அடிக்க வரும் தம்பி தங்கைகளுக்கு: சுவரில் நிற்கும் அந்தப் பெரிய சிலந்தியைப் பற்றி

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வீட்டுக்காரர்களே எட்டிப் பார்க்காத இடங்களுக்குள் கைவிட்டு வேலை செய்கிறவர்கள் நீங்கள். கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், சிங்க்குக்கு அடியில், பரணின் கடைசி மூலையில், குளியலறை வென்டிலேட்டர் சட்டத்தின் மேல், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடிக்கு அடியில் என்று டார்ச் அடித்துப் பார்க்கிறீர்கள். அப்படிப் பார்க்கும்போது உள்ளங்கை அகலத்துக்குக் கால்களை விரித்து, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு ஒரு பழுப்புச் சிலந்தி நிற்பதைப் பலமுறை கண்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கும் அம்மாவோ ஐயாவோ கேட்கும் கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "தம்பி, அது விஷமா?"

நீங்கள் சொல்லும் பதில்தான் அந்த வீட்டில் கடைசிப் பதில். "ஆமாங்கம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டால், அந்த வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகும் சிலந்தியைக் கண்டால் துடைப்பத்தைத் தேடுவார்கள். "ஒண்ணும் செய்யாதுங்க, அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்றால் அதையும் நம்புவார்கள். நான் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். வகுப்பறையில் நான் சொன்னதைவிடச் சமையலறையில் நீங்கள் சொல்வதற்கு மதிப்பு அதிகம் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த மடலை வீட்டுக்காரர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களோடு வேலை செய்கிறவர்களில் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் இருந்தால், டீ குடிக்கும் நேரத்தில் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

நான் கேட்பது இதுதான். அந்தச் சிலந்தியை ஐயமில்லாமல் அடையாளம் காணக் கற்றுக்கொள்ளுங்கள். கண்டுகொண்டால் அதன்மேல் மருந்து அடிக்காதீர்கள். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை என்பதை உங்கள் வாயாலேயே வீட்டாரிடம் சொல்லுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் இதன் பெயரும் எட்டுக்கால் பூச்சிதான். மூலையில் ஒட்டடை கட்டும் ஒல்லிக்கால் சிலந்தியும் எட்டுக்கால் பூச்சிதான். தமிழில் இயற்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை வேட்டைச் சிலந்தி என்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அறிவியல் பெயர் ஹெட்டரோபோடா வெனட்டோரியா. 1767-இலேயே இயற்கையியலாளர் லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்துவிட்டார். ஸ்பராசிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகம் முழுவதும் அந்தக் குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. லாவோஸ் நாட்டுக் குகைகளில் வாழும் ஹெட்டரோபோடா மாக்ஸிமா என்ற இனம் கால்களை விரித்தால் 30 சென்டிமீட்டர் வரும். 2001-இல்தான் அதை அறிவியல் உலகுக்குச் சொன்னார்கள். நம் வீட்டுச் சுவரில் நிற்பது அதன் நெருங்கிய உறவு. நம் ஊருக்கும் இந்தக் குடும்பத்தின் ஆய்வுக்கும் பழைய தொடர்பு உண்டு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லி, இந்தியாவில் உள்ள இந்தக் குடும்பத்துச் சிலந்திகளைப் பற்றி 1931-இல் விரிவாக எழுதியிருக்கிறார்.

அந்தக் குடும்பத்தில் நம் வீட்டு வேட்டைச் சிலந்தி ஆசியாவில் இருந்து கிளம்பி, கப்பல் சரக்கோடும் வாழைத்தாரோடும் வெப்ப நாடுகள் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஹவாய்த் தீவுகளிலும் ஃபுளோரிடாவிலும் கரீபியன் தீவுகளிலும் இதைப் பார்க்கலாம். தட்டையான உடம்பும், நீண்ட நாள் பட்டினி தாங்கும் வலிமையும், மனிதர் வீட்டில் ஒண்டிப் பிழைக்கும் பழக்கமும் அதற்குப் போதுமானவையாக இருந்திருக்கின்றன.

இனி அடையாளங்களுக்கு வருகிறேன். தூரத்தில் இருந்தே சொல்லக்கூடியது அதன் கால்களின் அமைப்பு. பெரும்பாலான சிலந்திகள் நிற்கும்போது முட்டிகள் மேலே தூக்கி நிற்கும். கால்கள் உடம்புக்கு அடியில் இறங்கும். வேட்டைச் சிலந்தியின் கால்கள் தொடக்கத்திலேயே திருகியவை. எட்டும் பக்கவாட்டில் படர்ந்து, நுனி முன்பக்கமாக வளைந்து, நண்டின் கால்களைப் போலச் சுவரில் படிந்து கிடக்கும். முன்னால் ஓடுகிற அதே வேகத்தில் பக்கவாட்டிலும் ஓடும். உடம்பு தட்டை என்பதால் கதவுக்கும் நிலைக்கும் நடுவே உள்ள இடுக்கிலும், காலண்டருக்கும் சுவருக்கும் இடையிலும் நுழைந்துவிடும். "இவ்வளவு பெரிசு எங்கே போய் மறைஞ்சுச்சு?" என்று வீட்டார் திகைப்பது இதனால்தான்.

அளவைச் சரியாகச் சொல்லப் பழகுங்கள், ஏனென்றால் பயத்தில் பார்க்கிற கண்ணுக்கு எல்லாம் இரண்டு மடங்காகத் தெரியும். வளர்ந்த பெண்ணின் உடம்பு மட்டும் ஏறக்குறைய 2 முதல் 3 சென்டிமீட்டர். கால்களோடு சேர்த்து அளந்தால் 7 முதல் 12 சென்டிமீட்டர். ஆணுக்கு உடம்பு கொஞ்சம் சிறியது, கால்கள் இன்னும் நீளம்.

பிறகு முகத்தைப் பாருங்கள். டார்ச்சைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, நேர் முன்னாலிருந்து பார்க்க வேண்டும். கண்கள் எட்டு, வரிசைக்கு நான்காக இரண்டு வரிசை. கண்களுக்குக் கீழே, தாடைகளுக்கு மேலே, குறுக்காக ஒரு வெளிர்ப் பட்டை ஓடும். பால் வெள்ளையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் தயிர் நிறத்தில் இருக்கும். கால்கள் முளைக்கும் முன்பகுதியின் பின்விளிம்பிலும் அதே நிறத்தில் அகலமான பட்டை தெரியும். உடம்பு செம்பழுப்பாகவோ சாம்பல் படிந்த பழுப்பாகவோ இருக்கலாம்; வீட்டுக்கு வீடு, வயதுக்கு வயது மாறும். அதனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், இந்த இரண்டு பட்டைகளையும் தேடுங்கள். கால்களில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் இருக்கும். கிட்டத்தில் பார்த்தால் அந்தப் புள்ளிகளில் இருந்து மெல்லிய முட்கள் நிமிர்ந்து நிற்பது தெரியும்.

ஆண் பெண் பிரிப்பதும் எளிது. முகத்தின் இருபக்கமும் குட்டிக் கால்கள் மாதிரி இரண்டு உறுப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் நுனி உருண்டு தடித்திருந்தால் வளர்ந்த ஆண். ஆணின் வயிற்றின் மேல் நீளவாக்கில் ஒரு கருங்கோடும், கண்களுக்குப் பின்னால் வெளிர் விளிம்போடு ஒரு கோலமும் இருக்கும். இந்தக் கோலத்தைப் பார்த்துத்தான் சிலர், செய்திகளில் படித்த அமெரிக்காவின் 'பிரவுன் ரெக்லூஸ்' சிலந்தி என்று பயப்படுகிறார்கள். அந்தச் சிலந்தியின் உடம்பு பெரும்பாலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். கண்களும் ஆறுதான், மூன்று ஜோடியாக இருக்கும். உள்ளங்கை அகலத்துக்கு நிற்கிற ஒன்று அதுவாக இருக்கவே முடியாது.

இன்னொரு குழப்பம் வாழைப்பழத்தால் வந்தது. வேட்டைச் சிலந்தியை ஆங்கிலத்தில் 'பனானா ஸ்பைடர்' என்றும் சொல்வதுண்டு. தென் அமெரிக்காவில் நிஜமாகவே கடும் விஷம் உள்ள ஃபோன்யூட்ரியா என்ற சிலந்திக்கும் அதே பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. முன்கால்களை உயரத் தூக்கிக்கொண்டு நிற்கும் அதன் படத்தைச் செல்போனில் காட்டி, "இதுதானே எங்க பாத்ரூம்ல இருக்கு?" என்று வீட்டார் கேட்பார்கள். தென், மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த சிலந்தி அது, நம் ஊரில் இல்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

வலை இருக்கிறதா என்றும் பாருங்கள். வேட்டைச் சிலந்தி இரை பிடிக்க வலை பின்னுவதில்லை. இரவில் விளக்கணைந்த பிறகு வெளியே வந்து, சுவரில் அசையாமல் காத்திருந்து, பக்கத்தில் வரும் பூச்சியின்மேல் பாய்ந்து பிடிக்கும். கூரை மூலையில் தூசி படிந்து தொங்கும் ஒட்டடைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அது நூல்நூலாகக் கால் உள்ள வேறொரு சிலந்தியின் வேலை. தொட்டால் வலையோடு சேர்ந்து கிடுகிடுவென்று ஆடுமே, அந்தச் சிலந்தி.

உங்களுக்கே தடுமாற்றம் தரக்கூடிய சில சிலந்திகளும் உண்டு. செலினாப்ஸ் என்று ஒன்று, இதைவிடச் சிறியது, இதைவிடவும் தட்டையானது, சுவரில் கண் சிமிட்டும் நேரத்தில் இடம் மாறிவிடும். அதற்கு முன்வரிசையிலேயே ஆறு கண்கள், பின்னால் இரண்டு. அதுவும் ஆளுக்குக் கெடுதல் செய்யாது. தோட்டத்தில் இருந்தும் தொட்டிச் செடியில் இருந்தும் உள்ளே வரும் ஓலியோஸ், வேட்டைச் சிலந்தியின் குடும்பமேதான். உருவம் சிறியது, வெளிர் நிறம். தரையில் ஓடும் ஓநாய்ச் சிலந்தியை முட்டைப் பையை வைத்துப் பிரிக்கலாம். ஓநாய்ச் சிலந்தி தன் பையை வயிற்றின் பின்நுனியில் ஒட்டி இழுத்துக்கொண்டு போகும். குஞ்சுகள் பொரிந்த பின் அவற்றை முதுகில் சுமக்கும். வேட்டைச் சிலந்தி பையை நெஞ்சுக்கு அடியில் அணைத்துப் பிடித்திருக்கும். பழைய வீடுகளின் இருட்டறைகளில் சாட்டை மாதிரி மிக நீண்ட முன்கால்களும் முகத்துக்கு முன்னால் முள் நிறைந்த இடுக்கிக் கைகளும் கொண்ட தட்டையான பிராணி ஒன்று சில நேரம் தென்படும். அது சிலந்தியே அல்ல, சிலந்திக்குச் சொந்தக்காரப் பிராணி. விஷம் துளியும் கிடையாது.

ஒன்றே ஒன்றில் மட்டும் உண்மையான கவனம் வேண்டும். மரங்களில் வாழும் பொய்சிலோதெரியா என்ற பெருஞ்சிலந்திகள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. தடித்த உடம்பு, உடம்பெங்கும் அடர்ந்த முடி, முதுகிலும் கால்களிலும் சாம்பலும் கறுப்பும் வெள்ளையுமாகச் செதுக்கியது போன்ற கோலம். வேட்டைச் சிலந்தி மெலிந்து வழவழப்பாகத் தெரியும். இதுவோ கம்பளித் துணியில் செய்ததுபோல் கனமாக இருக்கும். இது கடித்தால் கடுமையான வலியும் தசைப்பிடிப்பும் வரும், பிடிப்பு சில நாள் நீடிப்பதும் உண்டு. இலங்கையின் வடக்கே மாங்குளத்தில் கண்டுபிடித்து 2012-இல் அறிவித்த பொய்சிலோதெரியா ராஜேயி பழைய மருத்துவமனைக் குடியிருப்புக்குள்ளும் இருந்தது. காடு குறையக் குறையக் கட்டடங்களுக்குள் ஒதுங்க வேண்டிய நிலை அதற்கு. ராமேஸ்வரம் தீவில் பனையிலும் புளியமரத்திலும் வாழும் பொய்சிலோதெரியா ஹனுமவிலாசுமிகாவை 2004-இல்தான் உலகம் அறிந்தது; அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினம் என்று அது பட்டியலில் ஏறியிருக்கிறது. 2019 முதல் இந்தப் பேரினம் முழுவதையும் நாடு விட்டு நாடு விற்பதற்குப் பன்னாட்டுக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே அந்தப் பக்கத்து வீடுகளில் வேலை செய்கிறவர்கள் இதைப் பார்த்தால் கையால் தொடவும் வேண்டாம், கொல்லவும் வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சுவரில் சிலந்தி செத்து ஒட்டியிருக்கிறது என்று நீங்கள் துடைத்துப் போடுவதில் பாதி, செத்த சிலந்தியே அல்ல. அது கழற்றிய தோல். வேட்டைச் சிலந்தி வளர வளரப் பலமுறை தோலுரிக்கும். முன்பகுதியின் மேல்மூடி மட்டும் தனியே திறந்து, அந்த வழியாக முழு உடம்பும் எட்டுக் கால்களும் வெளியே உருவிக்கொண்டு வந்துவிடும். தோல் கால்களோடு அப்படியே தொங்கும். ஒன்றை எடுத்துப் பாருங்கள், எடையே இருக்காது. கால் நுனிகளில் அடர்ந்த முடிக்கற்றை இருப்பது தெரியும். டைல்ஸிலும் கண்ணாடியிலும் வழுக்காமல் ஏறுவது அதன் உதவியால்தான். லென்ஸ் கிடைத்தால், கால்நுனிக்கு முந்தைய மூட்டின் மேல்பக்கத்தில் மூன்று மடலாகப் பிரிந்த மெல்லிய சவ்வைத் தேடுங்கள். வேட்டைச் சிலந்திக் குடும்பத்தின் முத்திரை அந்தச் சவ்வு. பரணுக்கு அடியில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பெரிய தோல்கள் கிடைத்தால், ஒரே சிலந்தி அந்த வீட்டில் பல மாதமாகக் குடியிருந்து வளர்ந்திருக்கலாம்.

போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த தம்பி ஒருவர் சிலிண்டரை நகர்த்தியதும் சுவரில் பெரிய பெண் சிலந்தி. மற்ற நாளாக இருந்தால் ஓடியிருக்கும், அன்று அசையவில்லை. "டீச்சர், எதையோ கவ்விக்கிட்டு இருக்கு பாருங்க" என்றார். இருவரும் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். அதன் நெஞ்சுக்கு அடியில் வட்டமாக, தட்டையாக, அழுக்கு வெள்ளை நிறத்தில் ஒரு பை. விளிம்பு மட்டும் சற்று மடிந்து தடித்திருந்தது. தாடைகளாலும் முன்னால் உள்ள குட்டிக் கைகளாலும் அதை இறுகப் பிடித்திருந்தது. தம்பி டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனதும் உடம்பை இன்னும் கீழே தாழ்த்திப் பையைச் சுவரோடு சேர்த்து மூடிக்கொண்டது. உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டைகள் இருக்கும். அவை பொரியும்வரை வாரக்கணக்கில் அது அந்தப் பையைக் கீழே வைக்காது, பெரும்பாலும் இரையும் எடுக்காது. "அப்ப இது குட்டி போட்டா வீடு முழுக்க ஆயிடுமே டீச்சர்?" என்று கேட்டார். நல்ல கேள்வி, எல்லா வீட்டிலும் கேட்பார்கள். ஆகாது. குஞ்சுகள் சிதறியதும் பல்லி தின்னும், மற்றச் சிலந்திகள் தின்னும், அவை ஒன்றையொன்று தின்னும், பட்டினியில் பல சாகும். தப்பிப் பெரிதாவது மிகச் சில. ஒரு வீட்டில் எத்தனை சிலந்தி வாழலாம் என்பதை அந்த வீட்டில் எத்தனை கரப்பான் இருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது. தம்பி சிலிண்டரைப் பழைய இடத்துக்கே மெல்லத் தள்ளிவிட்டு, அந்த மூலையை விட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்த்தார். முட்டைப் பை உள்ள பெண்ணை மட்டும் சீண்டாதீர்கள். ஓடித் தப்பிக்கவே பார்க்கும் இந்தச் சிலந்தி எதிர்த்து நின்று கடிக்கக்கூடிய சமயம் அதுதான்.

கடித்தால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விஷமே இல்லை என்று சொல்லாதீர்கள். இரையை மயக்கும் விஷம் இதற்கும் உண்டு. கையால் அமுக்கிப் பிடித்தாலோ, உதறாமல் போட்ட சட்டைக்குள் மாட்டிக்கொண்டாலோ கடிக்கலாம். தேனீ கொட்டியதுபோல் வலிக்கும், கொஞ்சம் வீங்கும், பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுத்தால் போதும். எந்தப் பூச்சிக் கடியிலும் சிலருக்கு ஒவ்வாமை வரலாம். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ, எது கடித்தது என்று தேடிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்து, "சிலந்தி மேல ஊர்ந்து எச்சில் பட்டு கொப்புளம் வந்துடுச்சு" என்று காட்டுவார்களே, அதைப் பற்றி. காலையில் எழுந்ததும் கழுத்திலோ கன்னத்திலோ எரிச்சலோடு கோடு கோடாகக் கொப்புளம், இரவில் சுவரில் பார்த்த சிலந்தியின்மேல் பழி. பெரும்பாலும் செய்தது வேறொரு பூச்சி. பெடிரஸ் என்ற சிறு வண்டு, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம், உடம்பில் ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி வரும். பார்த்தால் பெரிய எறும்பு என்று தோன்றும். மழைக்காலத்தில் டியூப்லைட் வெளிச்சத்துக்கு வரும். அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. தூக்கத்தில் நாம் அதைத் தோலின்மேல் நசுக்கும்போது அதன் உடம்பு நீரில் உள்ள பெடிரின் என்ற பொருள் பட்டுத் தோல் வெந்துவிடுகிறது. இந்த ஒரு செய்தியை வீட்டாருக்குச் சொன்னாலே அவர்கள் சிலந்தியை விட்டுவிட்டு ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பார்கள், படுக்கைக்கு மேலுள்ள விளக்கை நேரத்தோடு அணைப்பார்கள். கொப்புளமும் குறையும்.

உங்கள் தொழிலுக்கும் சிலந்திக்கும் பகை இல்லை என்று நான் நினைக்கிறேன். உங்களைக் கூப்பிடுவது கரப்பானுக்காக. அந்தச் சிலந்தி இரவெல்லாம் பிடித்துத் தின்பதும் கரப்பானைத்தான், கூடவே பாச்சையும் பிற பூச்சிகளும். பெரிய சிலந்தி கண்ணில் பட்டால் உங்களுக்கு அது ஒரு துப்பு: தீனி பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறது. சாக்கடைக் குழாய் நுழையும் ஓட்டை, சிங்க்குக்கு அடியில் ஈரம், அட்டைப் பெட்டிக் குவியல் என்று அந்தச் சுற்றுவட்டத்தைத் தேடுங்கள்.

சுவர் முழுக்க ஸ்ப்ரே அடிக்கும்போது சிலந்தி சாகும். ஸ்ப்ரே மருந்துகள் பூச்சி, சிலந்தி என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அடிபட்ட சிலந்தி கால்களை உள்ளே மடக்கிச் சுருண்டு கிடப்பதை நீங்கள் அடிக்கடி பார்க்கிறீர்கள். சிலந்திக்குக் காலின் முக்கிய மூட்டுகளை நீட்டத் தசை கிடையாது. உடம்புக்குள் இருக்கும் திரவத்தை அழுத்தித்தான் காலை நீட்டுகிறது. உயிர் போனதும் அழுத்தம் போய்விடும், மடக்கும் தசை மட்டும் மிஞ்சிக் கால்களைச் சுருட்டிவிடும். ஆனால் இடுக்குக்குள் ஆழமாக ஒளிந்திருக்கும் கரப்பானில் பாதி அந்த ஸ்ப்ரேயில் சாவதில்லை. சில நாளில் வெளியே வரும், அப்போது சுவரில் காவல் இருக்காது. அதனால், முடிந்த வீடுகளில் எல்லாம் ஜெல் வையுங்கள். கீல் இடுக்கிலும் அலமாரியின் உள்மூலையிலும் துளித்துளியாக வைக்கிற ஜெல்லைக் கரப்பான் தேடி வந்து தின்னும். சிலந்தி பெரும்பாலும் உயிருள்ள இரையைத்தான் தேடும், ஜெல்லைச் சீந்தாது. மருந்து தின்ற கரப்பானைப் பிடித்தால் அதற்கும் கொஞ்சம் பாதிப்பு வரலாம் என்றாலும், சுவர் முழுதும் நனைப்பதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிது. சுவாசத்தில் இறங்கும் மருந்தின் அளவு உங்களுக்கும் குறையும். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்று நடக்கும் தொழில் உங்களுடையது. மருந்தோடு வரும் தாளில் எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு, எங்கே என்று அச்சிட்டிருக்கும். வீட்டார் "இதுக்கும் ரெண்டு அடி அடிச்சிடுங்க" என்றால், அந்தத் தாளைக் காட்டி, "இது கரப்பான் மருந்துங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

எல்லா வீட்டாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில், சிலந்தியைக் கண்டாலே உடம்பு நடுங்குகிறவர்கள் இருக்கும் வீட்டில், அங்கேயே விட்டுவைக்கச் சொல்வது நியாயம் இல்லை. பிடித்து வெளியே விடுங்கள். உங்கள் பையில் வாய் அகன்ற பிளாஸ்டிக் ஜாடி ஒன்றும் பழைய காலண்டர் அட்டை ஒன்றும் இருந்தால் போதும். பதறாமல் சுவரில் ஜாடியைக் கவிழ்த்து, எட்டுக் கால்களும் உள்ளே வந்துவிட்டனவா என்று பார்த்து, விளிம்பில் ஒரு காலும் நசுங்காதபடி அட்டையைச் சுவரோடு உரசி மெல்ல உள்ளே தள்ளுங்கள். துடைப்பத்தால் தட்டினால் கீழே விழுந்து எந்தத் திசையிலும் ஓடும். சில நேரம் நம் காலை நோக்கியே வரும். அது பாய்ச்சல் அல்ல, இருட்டான மறைவைத் தேடுகிறது, நம் நிழலும் அதற்கு ஒரு மறைவு. பிடித்ததை வெயில் காயும் தெருவில் விடாதீர்கள். மோட்டார் ரூம், காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கம், விறகோ செங்கலோ அடுக்கிய இடம் என்று மறைவும் இரையும் உள்ள இடமாகப் பாருங்கள். மாலைக்கு மேல் விட்டால் காகத்துக்கும் தப்பும்.

ஐயம் வந்தால் படம் எடுத்து வையுங்கள். மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, பக்கத்தில் ஒரு நாணயத்தையோ ஸ்கேலையோ வைத்து அளவு தெரியும்படி ஒன்று. முட்டைப் பை இருந்தால் பக்கவாட்டில் இருந்து இன்னொன்று. இந்தப் படங்களை உங்கள் ஊர்க் கல்லூரியின் விலங்கியல் துறையில் காட்டினால் பேரினம் வரையிலாவது பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். ஒரு வருடம் இப்படிச் சேர்த்தால், எந்தத் தெருவில், எந்த மாதத்தில், எந்தச் சிலந்தி என்ற விவரம் உங்கள் போனில் இருக்கும். அத்தனை வீடுகளுக்குள் போய்ப் பார்க்கும் வாய்ப்பு எந்த ஆராய்ச்சியாளருக்கும் கிடையாது. உங்களில் யாராவது அப்படிச் சேர்த்து வைத்திருந்தால் எனக்கும் காட்டுங்கள். நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருவர்